புதுப்பிப்பு: மில்லிஆம்ப் காட்டாத மல்டிமீட்டர்

போன வாரம் எழுதியது: என் மல்டிமீட்டர் வோல்ட், ஓம் எல்லாம் சரியாகக் காட்டுகிறது, மில்லிஆம்ப் கரண்ட் மட்டும் பூஜ்யம். கோத்தகிரி மூடுபனியில் ஈரம் ஏறிவிட்டது என்று நான் அடம்பிடித்தேன். ஃபியூஸைப் பாருங்கள் என்று சொன்னவர்கள்தான் சரி.

பின்மூடியைக் கழற்றினேன். ஈரமும் இல்லை, பச்சைக் களிம்பும் இல்லை. 200 மில்லிஆம்ப் கண்ணாடி ஃபியூஸின் கம்பி மட்டும் அறுந்து கிடந்தது. வெளியே எடுத்து அதே மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் திரையில் வெறும் '1', அதாவது இணைப்பே இல்லை.

காரணம் நான்தான். சோலார் விளக்கில் கரண்ட் அளந்த கையோடு, டயலைத் திருப்பாமலேயே 12 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் ப்ரோபை வைத்திருக்கிறேன். அந்த நிலையில் மீட்டர் கிட்டத்தட்ட ஒரு துண்டு ஒயர் மாதிரி. ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்?

10 ஆம்பியர் துளையில் மட்டும் ரீடிங் வந்துகொண்டிருந்ததே, அப்போதே புரிந்திருக்க வேண்டும். என் மீட்டரில் அந்த வழிக்கு ஃபியூஸே கிடையாது. (அது வேறு பயம்.)

புது ஃபியூஸ் கோத்தகிரியில் கிடைக்கவில்லை, குன்னூர் போனபோது வாங்கினேன். கடைக்காரர், "1 ஆம்பியர் போட்டுக்கங்க சார், போகவே போகாது" என்றார். போகாது, உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்தான் போகும். அதே 200 மில்லிஆம்ப், 250 வோல்ட், வேகமாக அறுகிற வகைதான் வேண்டும் என்று நின்று வாங்கினேன்.

9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துச் சோதித்தேன். 9.1 மில்லிஆம்ப், கணக்குப்படி வர வேண்டிய 9-க்குப் பக்கம்தான். இரண்டு ஃபியூஸ் கூடுதலாகவும் வாங்கி வைத்திருக்கிறேன், என்னை எனக்குத் தெரியும்.