மெயினை இறக்கிய பிறகும் ஹால் போர்டில் டெஸ்டர் எரிகிறது, சுவிட்ச் மாற்றலாமா?

புதுவீடு_திருச்சி:
ஹாலில் ஃபேன் சுவிட்ச் மாற்ற வேண்டும். மெயினை இறக்கினேன், அடுப்படி லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் நின்றுவிட்டன. ஆனால் ஹால் போர்டில் ஒரு வயரில் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது. பக்கத்து வயரில் மங்கலாக எரிகிறது, மல்டிமீட்டரில் 60 வோல்ட் காட்டுகிறது. சிங்கிள் பேஸ், இன்வெர்ட்டர் உண்டு. சுவிட்சைக் கழற்றலாமா?

லைன்டெஸ்ட்:
கழற்றாதீர்கள். பளிச்சென்று எரிவது இன்வெர்ட்டர் லைனாக இருக்கும். நீங்கள் மெயினை இறக்கினாலும் சரி, ஈபி-யில் கரண்ட் போனாலும் சரி, இன்வெர்ட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். உடனே பேட்டரிக்கு மாறி 230 வோல்ட் அனுப்பத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மெயின் பாக்ஸில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. கரண்ட் வருவது அதன் வழியாக அல்ல, அதைத் தாண்டியிருக்கும் இன்வெர்ட்டரிலிருந்து.

மெயினை இறக்கி, இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்து, பின்னால் வீட்டு லைனுக்குப் போகும் அவுட்புட் பிளக்கை உருவிவிடுங்கள். உருவிய பிளக்கின் பின்களில் கை படக் கூடாது. சில இன்வெர்ட்டர்களில் பின்னால் பைபாஸ் சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் சுவிட்ச் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஈபி கரண்டை நேராக வீட்டு லைனுக்குக் கொடுப்பதற்கானது.

பழையபோர்டு:
மங்கலாக எரிகிற வயரைப் பற்றி: ஒரே பைப்பில் உயிருள்ள லைனோடு ஒட்டி ஓடுகிற வயரில் இப்படித் தூண்டல் வோல்டேஜ் வரும். டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுக்காததால் 40, 60, 90 என்று எதையாவது காட்டும். ஆனாலும் தூண்டல்தான் என்று அனுமானத்தில் முடிவு கட்டாதீர்கள். 15 வாட் குண்டு பல்பு, ஹோல்டர், நுனி மட்டும் தெரியும்படி இரண்டு வயர்: இந்த டெஸ்ட் லேம்ப் போதும். தூண்டல் என்றால் பல்பு எரியாது, மீட்டர் சுழிக்கு இறங்கிவிடும். லேம்பின் ஒரு நுனியை அந்த வயரில் வைத்து, மறு நுனியை நியூட்ரலில் ஒருமுறை, எர்த்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் எரியாது அல்லவா? அதனால் வேலைக்கு முன் கரண்ட் இருக்கிற பிளக்கில் எரிகிறதா பாருங்கள், வேலை செய்யும் இடத்தைச் சோதித்த பிறகு மறுபடியும் அதே பிளக்கில் பாருங்கள். டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பி வயரில் கை வைக்கக் கூடாது. ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் நியான் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

புதுவீடு_திருச்சி:
அவுட்புட் பிளக்கை உருவியதும் இரண்டு வயரிலும் டெஸ்டர் அணைந்துவிட்டது. டெஸ்ட் லேம்பும் எரியவில்லை. கருப்பு (நியூட்ரல்) வயரைத் தாராளமாகத் தொடலாம்தானே?

லைன்டெஸ்ட்:
உங்கள் மெயின் டபுள் போலா? நெம்புகோல் ஒன்றாகப் பிணைந்த இரட்டை அகல சுவிட்ச் என்றால் பேஸ், நியூட்ரல் இரண்டும் துண்டாகும். சிங்கிள் போல் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) பேஸை மட்டுமே வெட்டும்.

இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில் ஈபி லைன், இன்வெர்ட்டர் லைன் இரண்டுக்கும் ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். ஒரு லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கருப்பு ஜாயின்ட்டைப் பிரித்தால், எரிகிற பல்பு வழியாக 230 வோல்ட் அந்தப் பிரிந்த நுனிக்கு வந்து நிற்கும். கருப்பையும் சிவப்பு (பேஸ்) வயர் மாதிரியே சோதியுங்கள்.

புது சுவிட்சில் வயர் இழைகளை முறுக்கி, நுனியை மடக்கிச் செருகி, திருகை இறுக்கிய பின் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகி சுவிட்ச் உருகும்.