அடி என்றால் யாருடைய அடி? பழைய நீள அளவுகளோடு பட்ட பாடு

பழைய நீள அளவுகளை மீட்டருக்கு மாற்றும்போது உங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து, நூறில் ஒரு பங்கு அளவில் மர மாதிரி செய்துகொண்டிருந்தேன். படத்தில் நீளம் 168 அடி. அடிக்கு 30.48 சென்டிமீட்டர் என்று போட்டு, 51.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். உடற்பகுதி முழுவதும் முடிந்துவிட்டது. பீரங்கிகளை மட்டும் மீட்டரில் இருந்த ஓர் அட்டவணையைப் பார்த்துச் செய்தேன். பக்கவாட்டுத் துளைகளில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை, எல்லாமே கொஞ்சம் பெரிதாக நின்றன. பீரங்கியில்தான் தப்பு என்று இரண்டு நாள் அதையே இழைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு அடியில் இருந்தது. அந்தக் காலப் பிரெஞ்சு அரச அடி 32.48 செ.மீ. ஆகவே கப்பலின் நீளம் 54.6 மீட்டர். என் மாதிரி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. பிரித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன்.

நெப்போலியன் குள்ளன் என்ற பேச்சுக்கும் இது ஒரு காரணம். 5 அடி 2 அங்குலம் என்று எழுதிவைத்தது பிரெஞ்சு அளவில். அது சுமார் 168 செ.மீ., அதாவது ஆங்கில அளவில் ஐந்தரை அடி.

ஆண்டையும் பார்க்க வேண்டும். 1812இல் பிரான்சில் அன்றாடப் புழக்கத்துக்கென்று வேறோர் அடி வந்தது. அது சரியாக மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 1840 வரை இருந்தது. நாடு அதே, பெயர் அதே, நீளம் வேறு.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது மொழிபெயர்ப்பில். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கதை ஒன்றில் ஓர் ஆளைப் பெரிய உருவம், 12 வெர்ஷோக் உயரம் என்று வர்ணித்திருந்தார்கள். ஒரு வெர்ஷோக் 4.445 செ.மீ. பெருக்கினால் 53 செ.மீ. வருகிறது. பிறந்த குழந்தையின் நீளம்! அச்சுப்பிழையாக இருக்கும் என்று வேறு பதிப்பைத் தேடினேன், அதிலும் 12தான்.

விஷயம் இதுதான்: ஆள் உயரத்தைச் சொல்லும்போது இரண்டு அர்ஷீனைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். வளர்ந்த ஆள் எப்படியும் அதற்கு மேல்தானே. ஓர் அர்ஷீன் 71.12 செ.மீ., இரண்டுக்கு 142.24. அதோடு அந்த 53ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட 196 செ.மீ. ஆள் நிமிர்ந்துவிட்டான். எந்த மாற்று அட்டவணையிலும் இது இருக்காது, பேச்சு வழக்கு தெரிந்திருந்தால்தான் உண்டு. மூலத்தில் இருந்த 12ஐ அப்படியே வைத்து, அடிக்குறிப்பில் கணக்கைச் சொன்னேன். உரைக்குள்ளேயே 196 என்று எழுத மனம் வரவில்லை.

மறுமொழி 2

நான் நில அளவை. எங்கள் தொல்லை அவ்வளவு பழசு இல்லை. அமெரிக்காவில் 1959இல் அடிக்குப் புது வரையறை வந்த பிறகும் இரண்டு அடிகள் புழங்கின: சரியாக 0.3048 மீட்டராக உள்ள அடி, 1200/3937 மீட்டராக உள்ள நில அளவை அடி. பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். ஒரு வீட்டை அளந்தால் கண்ணில் படாது. ஆனால் ஆயத்தொலைவு, அதாவது தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும் தூரம், இருபது லட்சம் அடி என்று இருந்தால் நான்கு அடி விலகிவிடும். என் வரைபடத்தில் ஒரு வேலி பக்கத்து நிலத்துக்குள் போய் நின்றது. 2022 இறுதியோடு நில அளவை அடியை விலக்கிவிட்டார்கள், ஆனால் பழைய கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மீண்டும் நான்

கப்பலில் தப்பு அடியில்தான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். வரைபடத்தின் கீழோரத்தில் ஓர் அளவுகோல் வரைந்திருந்தது, கூடவே பீரங்கித் துளையின் அகலமும் எண்ணில் இருந்தது. கவராயத்தால் இரண்டையும் ஒப்பிட்டேன், பொருந்தின. ஆகவே படத்துக்குள் பிழை இல்லை, வெளியே நான் கொண்டுவந்த 30.48இல்தான் பிழை என்று அப்போதுதான் தெரிந்தது.