12,000 ஆர்டர் நிலுவை என்றால் நம்ம வண்டிக்கு எத்தனை மாதம்?

முட்டம்:
மார்த்தாண்டம் ஷோரூமில் ஒரு காரின் சிஎன்ஜி (இயற்கை எரிவாயு) வேரியன்ட், கறுப்பு மேற்கூரை போட்ட இரட்டை நிறம் புக் பண்ணியிருக்கு. அந்த மாடலுக்கு மொத்தம் 12,000 ஆர்டர் நிலுவையாம், ஆலையிலிருந்து மாதம் 3,000 வண்டி வருதாம். அப்போ நாலு மாதம்தானே? ஷோரூமில் எட்டு மாதம் என்கிறார்கள். கணக்கு எங்கே இடிக்குது?

வேளிமலை:
வகுத்தது சரிதான் அண்ணே. ஆனா அது எல்லா வேரியன்டும் கலந்த எண். உதாரணத்துக்கு, 12,000 பேரில் 4,800 பேர் சிஎன்ஜிக்கு நிற்கிறார்கள், ஆலைக்கு மாதம் 600 சிலிண்டர் செட்தான் வருது என்று வையுங்க. 4,800-ஐ 600-ஆல் வகுத்தா எட்டு மாதம். மீதி 7,200 பேருக்கு மாதம் 2,400 வண்டி, மூணே மாதத்தில் முடிஞ்சிடும். நாலு மாதம் என்கிற சராசரி இந்த இரண்டு வரிசையில் யாருக்குமே பொருந்தாது.

அசெம்பிளி லைன் வேகமா ஓடினாலும் சிலிண்டர், வயரிங் ஹார்னஸ் (வண்டி முழுக்க ஓடும் மின்கம்பித் தொகுப்பு), கன்ட்ரோல் யூனிட் (சிப் வைத்த மின்னணுப் பெட்டி) இதில் ஒண்ணு வரலேன்னா வண்டி வெளியே போகாது. ஹார்னஸ் வேரியன்டுக்கு வேரியன்ட் மாறும், ஒண்ணை எடுத்து இன்னொண்ணில் மாட்ட முடியாது. சில பாகம் குறைஞ்சா லைனை நிறுத்தாம வண்டியை முடித்து யார்டில் நிறுத்துவார்கள். பாகம் வந்ததும் மாட்டி, திரும்பச் சோதித்து அனுப்புவார்கள். அதனால உற்பத்தி எண்ணால் வகுக்காதீங்க, டீலருக்கு அனுப்பிய எண்ணால் வகுங்க. சிப் தட்டுப்பாட்டில் டொயோட்டா 2022 அக்டோபரில் ஜப்பானில் இரண்டாவது ஸ்மார்ட் சாவிக்குப் பதில் சாதாரண சாவி கொடுத்ததே, அது வண்டி யார்டில் தேங்காம இருக்கத்தான்.

இரட்டை நிறமும் நாள் எடுக்கும். பாடிக்கு நிறம் அடித்து, ஓவனில் காய வைத்து, கூரை தவிர மற்றதைக் காகிதம் ஒட்டி மறைத்து, கூரைக்கு அடித்து மறுபடி ஓவன். பெயின்ட் ஷாப்பில் ஒரு வண்டி இரண்டு வண்டியின் இடத்தைப் பிடிக்கும். நிறம் மாற்றும்போதெல்லாம் ஸ்ப்ரே லைனைக் கழுவணும் என்பதால் ஒரே நிறத்தைச் சேர்த்து ஓட்டுவார்கள். அதிகம் விற்காத நிறம் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

பேச்சிப்பாறை:
இதோடு டீலர் அலாட்மென்டையும், அதாவது கம்பெனி ஒவ்வொரு ஷோரூமுக்கும் ஒதுக்குகிற வண்டி எண்ணிக்கையையும் பாருங்க. ஷோரூமில் "எப்போ வரும்" என்று கேட்டா தோராயமாத்தான் சொல்வார்கள். "இதே வேரியன்ட், இதே நிறத்தில் எனக்கு முன்னாடி எத்தனை பேர், கடைசி மூணு மாதத்தில் எத்தனை வண்டி வந்தது" என்று கேளுங்க. முன்னால 10 பேர், மூணு மாதத்தில் வந்தது 6 என்றா மாதத்துக்கு 2; உங்க முறை ஆறாவது மாதம்.

வரிசைப்படி கொடுத்தா உங்களுக்குப் பின்னால புக் பண்ணுகிறவர்களால் உங்க நாள் நீளாது. இரண்டு மூணு ஷோரூமில் புக் பண்ணி வைத்தவர்கள் ரத்து செய்யும்போது வரிசை குறையவும் செய்யும்.

முட்டம்:
நன்றி. கேரளா பக்கம் நெய்யாற்றின்கரையில் எடுத்தா சீக்கிரம் கிடைக்குமா? வண்டி ஒதுக்கியாச்சு என்றால் எப்படி நம்புவது?

வேளிமலை:
அந்தப் பக்க டீலருக்கு அலாட்மென்ட் தனி, வரிசை குறைவா இருந்தா லாபம்தான். தற்காலிகப் பதிவில் எடுத்து வந்து நம்ம மார்த்தாண்டம் ஆர்டிஓவில் (டிஎன் 75) பதியணும்; கேரள ஆன்ரோடு விலையை அப்படியே நம்பாம தமிழ்நாட்டு வரியைப் போட்டுப் பாருங்க. ஒதுக்கியாச்சு என்றா 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கேளுங்க. அது வராதவரை உங்க பெயரில் வண்டி இல்லை. டிசம்பரை ஒட்டி வந்தா தயாரிப்பு மாதத்தையும் பாருங்க, வருஷம் மாறினா அது பழைய வருஷ வண்டி ஆகிடும். புக்கிங் படிவத்தில் விலை எந்தத் தேதிக்கு என்று போட்டிருக்கும். இன்வாய்ஸ் நாள் விலை என்றா இடையில் ஏறுவது உங்க தலையில்தான்.