குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்த நாட்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கிளிநொச்சியிலிருந்து

யுத்தத்தில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன ஆள் நான். வீட்டுக்குள் குழாய் வந்தபோது, இனித் தண்ணீரைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். போன மாரியில் ஒருநாள் குழாயைத் திறந்தால் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. பின்னேரம் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்து, கொதித்தாறிய நீரை மட்டும் பருகுங்கள் என்று சொல்லிப் போனார்கள்.

குழாய் வேலை செய்கிற தம்பி ஒருவர்தான் காரணத்தை விளக்கினார். தண்ணீர் விட்டுவிட்டு வரும் இடங்களில், குழாய் வெறுமையாகக் கிடக்கும் நேரம் சிறிய வெடிப்பு ஒன்று போதுமாம். வெளியில் நிற்கும் வெள்ளத்தை அது உள்ளே இழுத்துவிடும்.

சரி, கொதிக்க வைத்தோம். ஒரு வாளியில் தெளிய விட்டு, பழைய வேட்டித் துண்டால் வடித்து, அப்புறம் அடுப்பில். குமிழி கண்டவுடன் இறக்காமல், தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க விட்டேன். இவ்வளவு செய்தும் நாலாம் நாள் சின்னவனுக்கு வயிற்றோட்டம். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனி கரைக்கவும் அதே ஆறின தண்ணீர்தான். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

பிறகு இருந்து யோசித்ததில் பிடிபட்டது. ஆற வைத்த பானையின் மூடியைக் குழாயில் கழுவி, ஈரத்தோடே மூடியிருக்கிறேன். அவன் கிணற்றடியில் விளையாடிய கையோடு கோப்பையைப் பானைக்குள் விட்டு அள்ளுவான். பல் தீட்டியதும் குழாயில்தான். இதில் எது காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நீண்ட பிடி வைத்த அகப்பை ஒன்று. அதை மாமி தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பல் தீட்ட ஆளுக்கு ஒரு கோப்பை ஆறின தண்ணீர். வெங்காயம், தக்காளி பச்சையாகப் போடுகிற சம்பலை நிறுத்தினேன். அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை.

செட்டிகுளம் பக்கமிருந்து

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கேத்திலுக்குள் பார்த்தால் வெள்ளைக் காவி செதில் செதிலாகப் பிடித்திருக்கும். புளி போட்டு ஊற வைத்தாலும் லேசில் போகாது. வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய்ப் பயம் இருப்பதால் பலர் வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்குகிறோம். அறிவித்தல் வந்த கிழமை பக்கத்து வீட்டு அண்ணர் கான் வாங்குவதை விட்டுவிட்டார். "இப்பதான் கொதிக்க வைக்கிறோமே, பிறகு ஏன் காசு?" என்றார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைட்டு உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இருக்கிற புளோரைட்டு இன்னும் செறிவாகும். இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு தேத்தண்ணி நேரம் பிடித்தது.

முல்லைத்தீவிலிருந்து

எங்களுக்குக் குழாய் இல்லை, கிணறுதான். 2018 மார்கழி வெள்ளத்தில் கிணற்றுக் கட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. வடிந்த பிறகு எட்டிப் பார்த்தால் உள்ளே மாட்டுச் சாணமும் செருப்பு ஒன்றும் மிதக்கின்றன. இறைத்துவிட்டுக் குளோரின் தூள் போட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அந்த மணத்துக்கு முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. 2009இல் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது தண்ணீர் பவுசருக்குப் பின்னால் குடத்தோடு நின்ற நாட்களில் அந்த மணம் மூக்கில் ஏறியது. அன்றைக்கு அது வெறுப்பு. இப்போது அது இல்லாத தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன்.

கலங்கல் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, சேறுதான் அதைத் தின்றுவிடும். அதனால் அம்மம்மா மண்குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வட்டமாக உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினார். விடிய எழும்பிப் பார்த்தால் அடியில் ஒரு விரல் மொத்தத்துக்குச் சேறு, மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதைப் பார்த்ததும் தம்பி அப்படியே குடிக்கப் போனான். அம்மம்மா கையில் தட்டினார்: "தெளிஞ்சா நல்ல தண்ணியோடா? அடுப்பில வை."

கிளிநொச்சியிலிருந்து மறுபடி

தேத்தாங்கொட்டை இங்கே எங்கே எடுக்கலாம்? நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் முடிந்துவிட்டதாம்.

முல்லைத்தீவிலிருந்து

வளவுக்குப் பின்னால் மரமே நிற்கிறது, அக்கா. கிளிநொச்சிக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு பை கொண்டு வருகிறேன். உரைக்க மண்குடம் இருக்கிறதா? பிளாஸ்டிக் வாளியில் அது உரைபடாது.