ஷேக்ஸ்பியர் வரி ஏதாவது உங்களை விடாமல் பிடித்துக்கொண்டதுண்டா?

தென்றல்77:
லண்டன் குளோப் அரங்கு, கிங் லியர். அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று போனேன். கடைசிக் காட்சி தெரியுமில்லையா, கிழ ராஜா லியர் செத்த மகளைத் தூக்கிக்கொண்டு வருவாரே. 'இனி வரவே மாட்டாய்' என்றுவிட்டு 'நெவர்' (ஒருபோதும்) என்று ஐந்து தடவை. அதற்குக்கூட நான் அழவில்லை. அடுத்த வரி: "இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள்." ஆஸ்பத்திரியில் அப்பாவின் சட்டை மேல்பொத்தானைக் கழற்றியது நான்தான். கை நடுங்கி இரண்டு முறை நழுவியது. அந்த நழுவல் அப்படியே விரலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் கைதட்ட, நான் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காவிரிக்கரை:
எனக்கு ஷேக்ஸ்பியரின் சொந்த ஊர் ஸ்ட்ராட்ஃபோர்ட். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் பேரே இல்லை. நாலே வரி, என் எலும்பை நகர்த்துகிறவன் சபிக்கப்படட்டும் என்று. 1616இல் இறந்தவருக்குச் சாபமே காவல். அதே ஊரில் 1596இல் அடக்கமான மகன் ஹாம்நெட், 11 வயது, அவன் எங்கே கிடக்கிறான் என்றே தெரியாது. 'கிங் ஜான்' நாடகத்தில் ஒரு தாய் சொல்வாள்: பிள்ளை இல்லாத அறையைத் துக்கம் நிரப்புகிறது, அவன் படுக்கையில் படுக்கிறது, என்னோடு நடக்கிறது என்று. அங்கே நின்றபோது அந்த வரிதான் ஓடியது. ஷேக்ஸ்பியர் கல்லறைக்குப் பக்கத்திலேயே மனைவி ஆன். அவளுக்கு உயிலில் இரண்டாந்தரக் கட்டிலை எழுதிவைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழம்பதிப்பு:
காவிரிக்கரை, அவசரப்படாதீங்க. நல்ல கட்டில் விருந்தாளிக்கு, இரண்டாவதுதான் புருஷன் பெண்டாட்டி படுத்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதைப் பாசமாகவும் எடுத்துக்கொள்ளலாமே.
நான் குளோபில் பார்த்தது மேக்பெத். "நாளை, நாளை, நாளை" வந்தபோது கொட்டுகிற மழை, ஒருத்தரும் நகரவில்லை.
குளோப் போகிறவர்களுக்கு: மேடைக்கு முன்னால் நின்று பார்க்கிற முற்றத்துக்குக் கூரை கிடையாது, குடை பிடிக்க விடமாட்டார்கள். ரெயின்கோட் கொண்டுபோங்க. உட்காரவும் முடியாது, சுமார் மூன்று மணி நேரம் நிற்கணும், பழகின ஷூ போடுங்க. சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொள்ளலாம். 1613இல் நாடகத்துக்குச் சுட்ட பீரங்கிப் பொறி கூரையில் பட்டு அன்றைய அரங்கு எரிந்துபோனது. இப்போதிருப்பது 1997இல் திறந்தது, இதிலும் சுற்றியுள்ள இருக்கைகளுக்கு மேல் நாணல் கூரைதான், மறக்காமல் அண்ணாந்து பாருங்க. நாடகத்தை முன்னாடியே படியுங்க, கடைசிக் காட்சியை மட்டும் விட்டுவைத்துவிட்டு.

தென்றல்77:
அந்தப் பொத்தான் யாருடையது என்று மூலத்தில் இல்லை. லியருக்கே மூச்சு முட்டுகிறது என்பார்கள் சிலர். நான் பார்த்த நடிகர் மகளின் கழுத்துப்பக்கம் கையைக் கொண்டுபோனார். கழற்றிவிட்டவரிடம் "நன்றி ஐயா" என்றார். வேறு மாதிரி நடித்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.