புதுக் குசினியில ஹொப் எண்ட காஸ் அடுப்புக்குக் கீழ காஸ் மணம். பில்டரின்ர ஆள் பூட்டினது. என்ன செய்யிறது?

ஹரோவாசி | சனி, இரவு 9.12

வணக்கம் உறவுகளே. லண்டன் ஹரோவில 1930களில கட்டின செமி வீடு, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டினது. மூண்டு கிழமையா குசினி வேலை நடக்குது. பழைய ஹொப் யன்னல் பக்கம் இருந்தது, அதை எதிர்ச்சுவருக்கு மாத்தினம். பில்டர் எங்கட ஆள்தான். ரைல்ஸ் வேலை நூல் பிடிச்ச மாதிரி, குறை சொல்லேலாது. காஸ் பைப்பை நீட்டுறதுக்கு மட்டும் "எனக்குத் தெரிஞ்ச பெடியன் வருவான், 150 பவுண்ஸ் காசாக் குடுங்கோ" எண்டார். பெடியன் நேற்று வந்து ஒண்டரை மணித்தியாலத்தில பூட்டிப்போட்டுப் போயிட்டான். காஸ் வேலைக்குப் பதிஞ்ச காட் ஒண்டும் காட்டேல்லை, நானும் கேக்கேல்லை.

இண்டைக்குப் பின்னேரம் மனிசி ஹொப்புக்குக் கீழ லாச்சியைத் திறக்க லேசா மணந்ததாம். நானும் போய்ப் பாத்தன், ஒருக்கா மணக்குது, ஒருக்கா இல்லை. அடுப்பு வடிவா நீலமாத்தான் எரியுது. பில்டருக்கு அடிச்சா, "புதுப் பைப்புக்கு முதல் ரெண்டு நாள் அப்பிடித்தான்" எண்டுறார். உண்மையோ? சவர்க்காரத் தண்ணி பூசிப் பாக்கட்டோ?

குழாய்க்காரன் | சனி, இரவு 9.17

தம்பி, உண்மை இல்லை. புதுப் பைப், பழைய பைப் எண்டு இல்லை, மணந்தா ஒழுக்குத்தான். சவர்க்காரத்தை விடும். மீற்றருக்குப் பக்கத்தில ஒரு கைபிடி இருக்கும், அதைப் பைப்புக்குக் குறுக்கால திருப்பி மூடும். எரியிறதெல்லாத்தையும் நூரும். யன்னல், கதவு எல்லாம் திறந்து விடும். லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நூக்கவும் வேண்டாம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வெளியில போய் நிண்டு 0800 111 999க்கு அடியும். 24 மணித்தியாலமும் எடுப்பினம், வந்து பாக்கக் காசு இல்லை. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

ஹரோவாசி | ஞாயிறு, அதிகாலை 12.40

நன்றி அண்ணை. கைபிடியைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிசம் போச்சு, மீற்றர்ப் பெட்டி முழுக்கப் பழைய பெயின்ற் ரின். அடிச்சு ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆள் வந்திட்டார். மீற்றரில சோதிச்சிட்டு "ஒழுகுது" எண்டார். ஹொப்புக்குப் போற பைப்பை வெட்டி மூடி, ஒரு லேபிளும் கட்டிவிட்டிருக்கிறார், "உடனடி ஆபத்து" எண்டு. தாங்கள் ஆபத்தை நிப்பாட்டத்தான் வருவினமாம், திருத்திறது தங்கட வேலை இல்லையாம். பதிவுள்ள ஆளைப் பிடிச்சுத் திருத்துமட்டும் ஹொப்பைத் தொடக்கூடாதாம்.

அவர் காட்டின பிழையள்: பைப் மூட்டில தண்ணிக் குழாய்க்குச் சுத்திற மெல்லிய வெள்ளை ரேப். ஹொப்புக்கும் பைப்புக்கும் இடையில இறப்பர் ஹோஸ், அதுவும் கீழ இருக்கிற அவண் அடுப்புக்குப் பின்பக்கம் முட்டிக்கொண்டு. தனியா மூட ஒரு வால்வு இல்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா | ஞாயிறு, காலை 8.05

கடவுளே எண்டு ஒண்டும் நடக்கேல்லை. ஆனா எல்லாரையும் ஒரே தராசில போடாதேங்கோ. என்ர அண்ணா 20 வருசமா காஸ் வேலை செய்யிறார், கோர்கி காட் வச்சிருக்கிறார், ஒரு பிழையும் வந்ததில்லை. காட் இருக்கிற வெள்ளைக்காரன் 400 கேப்பான், எங்கட ஆக்கள் பாதிக்குச் செய்வினம். எல்லாரும் ஏலாத காசில வீடு திருத்துறம்.

குழாய்க்காரன் | ஞாயிறு, காலை 9.30

அக்கா, அண்ணான்ர கைத்திறமையில எனக்குச் சந்தேகமில்லை. ஆனா கோர்கி காட் 2009 ஏப்ரல் 1ஆம் திகதியோட இங்க செல்லாக்காசு. அண்டையில இருந்து காஸ் வேலைக்காரரைப் பதியிறது காஸ் சேஃப் ரெஜிஸ்டர்தான். அவர் அதில பதிஞ்சிருந்தா மஞ்சள் காட் இருக்கும். இல்லையெண்டா காசுக்கு வேலை செய்யிறது 1998ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். எங்கட ஆள், மற்ற ஆள் எண்ட கதையே இதில இல்லை. நானும் யாழ்ப்பாணத்தான்தான், எனக்கும் காட் இருக்கு. பாதிக் காசுக்குத்தான் வருவன் எண்டு சொல்லமாட்டன், அது வேற கதை.

ஹரோவாசி தம்பிக்கு: காட்டை எப்பிடிப் பாக்கிறது எண்டு சொல்லுறன், ஏனெண்டா கனபேர் முன்பக்கத்தை மட்டும் பாத்திட்டுத் தேத்தண்ணி போடப் போயிடுவினம். முன்பக்கம் படம், ஏழு இலக்க லைசன்ஸ் நம்பர், எப்ப முடியுது எண்ட திகதி. படத்தில இருக்கிற முகம்தான் உங்கட வீட்டு வாசலில நிக்கவேணும். கொம்பனி பதிஞ்சது, வாற பெடியன் பதியாதவன் எண்டா அந்தப் பதிவால உங்களுக்குப் பிரயோசனமில்லை. "எங்கட போஸின்ர நம்பர்" எண்டு ஆரும் சொன்னா படலையிலயே திருப்பி அனுப்புங்கோ. பிறகு காட்டைத் திருப்பிப் பாருங்கோ. அவர் எதெதில வேலை செய்யலாம் எண்டு பின்பக்கம்தான் இருக்கு. பொயிலர் மட்டும் போட்டிருந்து அடுப்பு இல்லையெண்டா அவர் உங்கட ஹொப்பைத் தொடேலாது. சந்தேகமெண்டா காஸ் சேஃப் இணையத்தளத்தில நம்பரைப் போட்டுப் பாக்கலாம், இல்லாட்டி 0800 408 5500க்கு அடிக்கலாம்.

இன்னொண்டு. பழைய இடத்தில இருந்து எவ்வளவு தூரம் பைப்பை நீட்டினது, பைப் எத்தினை மில்லிமீற்றர் மொத்தம்? பொயிலர் எங்க இருக்கு?

ஹரோவாசி | ஞாயிறு, காலை 10.15

நாலு மீற்றர் வரும் அண்ணை, 15 மில்லிமீற்றர் பைப். அஞ்சு முழங்கை வளைவு. பொயிலர் கொம்பி, ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் ஒண்டில வாறது, அதே குசினியில. பில்டர் அதைச் சுத்தி அலுமாரி அடிக்கப்போறார். பொயிலர்ப் புகைக்குழாய் பின்சுவரால வெளியில போகுது, அதுக்குப் பக்கத்தில புது யன்னல் ஒண்டும் வெட்டுறதா இருக்கு.

குழாய்க்காரன் | ஞாயிறு, காலை 11.02

அந்த யன்னலை வெட்ட முதல் நிப்பாட்டும்! திறக்கிற யன்னலுக்கும் புகைக்குழாய் வாய்க்கும் சாதாரணமா 300 மில்லிமீற்றராவது விடவேணும். இல்லாட்டிப் பொயிலர் விடுற புகை திரும்பக் குசினிக்குள்ளதான் வரும், அதில காபன் மொனொக்சைட் எண்ட நச்சு வாயு இருந்தா மணக்கவும் மாட்டுது. எக்ஸ்டென்ஷன் போடுற ஆக்கள் இன்னும் மோசம், புகைக்குழாய் இருந்த வெளிச்சுவர் உள்சுவராப் போயிடும், அது எங்க ஊதுது எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. அலுமாரி அடிக்கலாம், ஆனா பொயிலர்ப் புத்தகத்தில சொன்ன இடைவெளி விட்டு, முன்பக்கத்தைக் கழட்டிச் சேர்விஸ் செய்யக்கூடின மாதிரி. பழைய காற்றுத்துளையை ரைல்ஸால மூடிப்போட்டினமோ எண்டும் பாரும்.

பைப் விசயம். மீற்றரில இருந்து அடுப்புக்கு வாற வழியில அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல குறையக்கூடாது. ஒவ்வொரு முழங்கை வளைவையும் அரை மீற்றர் பைப்பாக் கணக்குப் பண்ணுவம். அப்ப உம்மட நாலு மீற்றர் உண்மையில ஆறரை. கொம்பி பொயிலர் சுடுதண்ணிக்கு வேலைசெய்யேக்க காஸை இழுத்துக் குடிக்கும். ஒரே பைப்பில ரெண்டும் எண்டா குளிக்கிற நேரம் அடுப்பு சுருங்கும். நீலமா எரியுது எண்டு நீர் சொன்னது பொயிலர் நிண்ட நேரமா இருக்கும்.

ரெடிங் மாப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 1.20

அண்ணா, நடுவுல ஒரு கேள்வி, மன்னிக்கணும். ஊர்ல இருந்து அம்மா ஒரு மூணு பர்னர் ஸ்டவ் எடுத்துட்டு வந்துட்டாங்க. இங்க இருக்கிற ஹாப்ல தோசைக்கல்லு நிக்கவே மாட்டேங்குது. அதைக் கிச்சன் லைன்ல மாட்டித் தருவீங்களா? நாங்க இருக்கிறது ஃப்ளாட்.

குழாய்க்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.10

மாப்பிள்ளை, நானும் மாட்டமாட்டன், காட் வச்சிருக்கிற வேற ஒருத்தரும் மாட்டமாட்டினம். ஊர் ஸ்டவ் சிலிண்டர் காஸுக்குச் செய்தது, ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்துக்கு. இங்க குழாயில வாறது இயற்கை வாயு, 20 சொச்சம். காஸே வேற, ஜெற் ஓட்டையின்ர அளவும் வேற. அதோட ஃப்ளாட்டுக்குப் பூட்டுற அடுப்பில தீ அணைஞ்சா தானா காஸை நிப்பாட்டுற அமைப்பு கட்டாயம் இருக்கோணும். தோசைக்கல்லுக்கு நடுவில பெரிய பேர்னர் உள்ள ஹொப் இங்கயே வாங்கலாம். அம்மாவுக்குச் சொல்லுறது உங்கட பாடு.

சட்டத்தரணி வீட்டு மருமகள் | ஞாயிறு, இரவு 8.44

வீடு வாங்கி விக்கிற ஒபிசிலதான் எனக்கு வேலை. விக்கிறவர் நிரப்பிற டிஏ6 படிவத்தில ஹீற்றிங் எப்ப போட்டது எண்டு கேள்வி இருக்கு. 2005 ஏப்ரல் 1க்குப் பிறகெண்டா அதுக்குரிய சேர்ட்டிபிக்கற்றைக் கேப்பினம். பொயிலரையும் மாத்திற யோசனை இருந்தா அதைப் பூட்டுறவர் உள்ளூராட்சிக்கு அறிவிக்கோணும், காஸ் சேஃப் ஊடாச் செய்வினம், பிறகு உங்களுக்குக் கடிதம் வரும். அதை பில் எண்டு நினைச்சு எறிஞ்சுபோட்டு, வீடு விக்கேக்க எங்களிட்ட வந்து அழுத ஆக்கள் இருக்கினம்.

ஹரோவாசி | புதன், இரவு 10.05

அப்டேற். செவ்வாய்க்கிழமை பதிவுள்ள ஒருத்தர் வந்தார். சப்பாத்தைக் கழட்ட முதலே காட்டைத் தந்தார், நான் திருப்பிப் பாத்தன், "அடுப்பு" இருந்தது. மனிசி சிரிச்சவ.

பெடியன் போட்டதில ஒரு துண்டும் மிஞ்சேல்லை. மீற்றர்ப் பக்கத்தில இருந்து 22 மில்லிமீற்றர் செப்புக்குழாய், கடைசித் துண்டு மட்டும் 15. பக்கத்து அலுமாரிக்குள்ள கை எட்டிற இடத்தில ஒரு வால்வு. பிறகு யூ வடிவக் கண்ணாடிக் குழாயில தண்ணி விட்டு அழுத்தம் பாத்தார், ரெண்டு நிமிசம் தண்ணி மட்டம் அசையேல்லை. பொயிலரில சுடுதண்ணியைத் திறந்துவிட்டு ஹொப்பையும் எரிச்சுக் காட்டினார். 320 பவுண்ஸ், பேப்பரோட. யன்னலை அரை மீற்றர் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார்.

ஆனா அந்த வடிவான ரைல்ஸில ரெண்டு வரிசை உடைக்கவேண்டி வந்திட்டுது. பைப் அதுக்குப் பின்னால.

குழாய்க்காரன் | புதன், இரவு 10.31

அதுதான் எல்லா வீட்டிலயும் நடக்கிறது. காஸ்காரன் ரெண்டுதரம் வரவேணும் தம்பி: பழைய அலுமாரி கழட்டினவுடன பைப் போட ஒருக்கா, வேர்க்ரொப் எண்ட மேல்பலகை பூட்டினபிறகு ஹொப்பைத் தொடுக்க ஒருக்கா. பில்டர் ரைல்ஸ் முடிச்சிட்டுக் கூப்பிட்டா நாங்கள் உடைக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

அந்தப் பெடியனைப் பற்றி காஸ் சேஃபுக்குச் சொல்லிட்டீரோ?

ஹரோவாசி | புதன், இரவு 11.15

ரெண்டு நாள் யோசிச்சனான் அண்ணை, எங்கட பெடியன், பிள்ளைகுட்டிக்காரன் எண்டு. பிறகு பில்டரே வாய்தவறி, போன மாசம் பெடியன் பக்கத்து றோட்டில இன்னும் ரெண்டு வீட்டில பூட்டினதாச் சொன்னார். இண்டைக்குக் காலமை அடிச்சுச் சொல்லிட்டன். அந்த வீடுகளுக்கும் போய்ச் சொன்னன். ஒரு வீட்டில உடனே மீற்றரை மூடிச்சினம். மற்ற வீட்டில அந்த மனிசன் "எனக்கு மணக்கேல்லை" எண்டு கதவைச் சாத்திப்போட்டார்.

பில்டர் இப்ப போன் எடுக்கிறேல்லை. ஹரோப் பக்கம் ரைல்ஸ் இடைவெளிக்கு கிரவுட் அடிக்க ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ.