சிவப்புக் கொடி எழும்புது, பட்டன் இறங்கல: அவசரம்

புதுச்சுருள்: பழைய ஃபிலிம் கேமரா. பட்டனை அழுத்தினா வ்யூஃபைண்டர்ல சிவப்பா ஏதோ எட்டிப் பார்க்குது, கிளிக் ஆகல. பேட்டரி மாத்தலாம்னா போடுற இடமே காணோம். நாளைக்குப் படம் எடுக்கணும், ப்ளீஸ்.

இருட்டறை: என்ன மாடல்? எந்த ஸ்பீடு ஃபிலிம் (வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும்னு காட்டுற எண்)? லென்ஸ் வளையம் ‘ஏ’-ல, அதாவது ஆட்டோல இருக்கா, எண்ல இருக்கா? வீட்டுக்குள்ளயா, வெளியிலயா?

கண்ணாடிக்காரன்: லென்ஸைச் சுத்தி தேன்கூடு மாதிரிக் கண்ணாடி இருந்தா ஒலிம்பஸ் ட்ரிப் 35-ஆ இருக்கலாம். வெளிச்சத்தை அளக்கிற செலினியம் செல் செத்துப்போச்சு, அவ்வளவுதான்.

எண்ணெய்க்கறை: எனக்கென்னவோ லென்ஸ் துளையைச் சுருக்கி விரிக்கிற அபெர்ச்சர் பிளேடுல எண்ணெய்னு தோணுது.

பழம்பெருச்சாளி: எதை எடுத்தாலும் எண்ணெய்! பிளேடு ஒட்டினா வெளிச்சக் கணக்கு தப்பும், கொடி வராது. ‘பழைய கேமரா’ன்னு மட்டும் எழுதிட்டு உதவி கேட்கிறவருக்கும் ஒண்ணு: இதுக்கு பேட்டரியே கிடையாது, கையேட்டைப் புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். ‘ஏ’-ல வச்சு வெயில்ல வானத்தைப் பார்த்து அழுத்துங்க, கிளிக் ஆகணும். உள்ளங்கையால செல்லை மூடி அழுத்துங்க, கொடி வரணும். வெயில்லயும் கொடி வந்தாத்தான் செல் போயிருக்கும், அல்லது அதோட ஒயர் விட்டுப்போயிருக்கும்.

புதுச்சுருள்: ட்ரிப் 35தான். ‘ஏ’-ல இருக்கு. ரூம்ல டியூப்லைட் வெளிச்சம். 400 ஃபிலிம், 11 படம் வெளியில எடுத்தாச்சு, அப்பல்லாம் ஓடுச்சு. லென்ஸ் முன்னாடி குட்டி ஜன்னல்ல 25-னு இருக்கு.

இருட்டறை: அட, அதான். அந்த 25 ஃபிலிம் ஸ்பீடு. 25-ல வச்சா 400-ஐ விட நிறைய வெளிச்சம் வேணும்னு கேமரா நினைச்சுக்கும். லென்ஸ் துளை முழுசாத் திறந்தா 2.8, ஷட்டர் மெதுவாப் போனா 1/40 செகண்ட். அதுக்கும் பத்தலைன்னா கொடி காட்டிப் பட்டனைப் பூட்டிடும். முன் வளையத்தைத் திருப்பி 400-க்குக் கொண்டு வாங்க. டியூப்லைட்டுக்கு அப்பவும் பத்தாமப் போகலாம், ஜன்னல் பக்கம் வாங்க. ‘ஏ’-வை விட்டு 2.8-ல வச்சா கொடி வராது, 1/40-ல கிளிக் ஆகும். ஆனா இருட்டா இருந்தா படமும் இருட்டுதான்.

கண்ணாடிக்காரன்: அப்போ அந்த 11 படமும் 4 ஸ்டாப் ஓவர் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் இரண்டு மடங்கு). ரோலை 2 ஸ்டாப் புல் பண்ணி, அதாவது குறைச்சுக் கழுவச் சொல்லுங்க.

பழம்பெருச்சாளி: புல் பண்ணினா மொத்த ரோலுக்கும் சேர்த்துத்தான். இனிமே 400-ல எடுக்கிறதெல்லாம் நெகட்டிவ்ல வெளுத்துப் போகும். கலர் நெகட்டிவ் ஓவரைத் தாங்கும், அடர்த்தியா வரும், ஸ்கேன்ல இழுத்துக்கலாம். சாதாரணமாவே கழுவட்டும்.

கண்ணாடிக்காரன்: 4 ஸ்டாப்ல வானமெல்லாம் மொத்தையாயிடும், கலரும் சாயும். மிச்சத்தை 100-ல எடுத்துட்டுப் புல் பண்றதுதான் புத்திசாலித்தனம்.

எண்ணெய்க்கறை: இந்த வம்பெல்லாம் எதுக்கு, ஃபோன்ல ஃபிலிம் ஃபில்டர் போட்டா ஆச்சு.

இருட்டறை: ஃபில்டர் வேற. இங்க ஃபோகஸுக்கு நாலே படிதான்: 1 மீட்டர், 1.5, 3, மலை (தூரத்துக்கு). ஒரு தடவை வச்சுட்டா தெருவுல பார்த்ததும் கிளிக். அந்த வேகத்துக்குத்தான் இதை வச்சிருக்கோம்.

புதுச்சுருள்: 400-ல வச்சேன். ஜன்னல் பக்கம் கிளிக் ஆகுது. நன்றி.

பழம்பெருச்சாளி: உள்ளே இருக்கிறது கலர் நெகட்டிவா, ஸ்லைடா? ஸ்லைடு ஓவரைத் தாங்காது, அதுன்னா அந்த 11-ஐ மறந்துடுங்க.

இருட்டறை: ஆள் போயாச்சு.